மிஸியிடம் மறைக்கலாமா?

"கத்தி வைக்கணுமாம்."

தாப்பா ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்புகிற நம்மவர் ஒருவர் வாசற்படியில் நின்று இந்த இரண்டு சொல்லைச் சொல்லிவிட்டால் போதும், லயமே கூடிவிடும். "போன வருசம் இப்படித்தான் போனாரு, திரும்பி வந்தது பொணம்தான்" என்பார் ஒருவர். "முதுகுல ஊசி போட்டா ஆயுசுக்கும் இடுப்பு நிக்காது" என்பார் இன்னொருவர். மூன்றாமவர் கம்பத்தில் யாரோ எண்ணெய் தடவிச் சரியாக்குவதாக விலாசம் கொடுப்பார். டாக்டர் கொடுத்த கடிதம் ரொட்டி டின்னுக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். குடலிறக்கம் ஆறு மாதம் அப்படியே கிடக்கும். ஒரு நாள் குலை தூக்கும்போது குடல் வெளியே வந்து மாட்டிக்கொண்டு, உள்ளே தள்ளினால் போகாமல், வாந்தியும் வலியுமாக நடுராத்திரியில் வண்டி பிடித்து ஓடுவார்கள். திட்டமிட்டுச் செய்திருந்தால் சின்ன ஆபரேஷன். இப்போது உயிர்ப் பிரச்சினை.

பயப்படுவது குற்றமல்ல. உடம்பைக் கிழிக்கப் போகிறார்கள் என்றால் யாருக்கும் வயிற்றைக் கலக்கத்தான் செய்யும். ஆனால் நம்மவர்கள் பயப்படுவது டாக்டரின் கத்திக்கு. அந்தக் கத்திக்கு வேலை ஒரு மணி நேரம், மிஞ்சினால் மூன்று மணி நேரம். அதற்கு முந்திய இரவும், பிந்திய நாட்களும், கத்தி வேலை நடக்கும்போது சுற்றிலும் நடக்கும் காவலும் மிஸிகளின் கையில்தான் இருக்கின்றன. நர்ஸ் என்றும் தாதி என்றும் எழுதுவோம். தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு அவர் என்றைக்கும் மிஸிதான். அந்த மிஸியால் நம்மைக் காப்பாற்ற முடியாமல் போவதற்கு ஒரு பெரிய காரணம், நாம் அவரிடம் உண்மையைச் சொல்லாததுதான். இன்று அதைப் பற்றித்தான் எழுதப் போகிறோம்.

பீடோர், ஆயர் கூனிங், தெமோ, செண்டெரியாங் என்று இந்தப் பக்கத்துத் தோட்டங்களில் ஒரு காலத்தில் முதலில் பார்க்கிறவர் டிரஸ்ஸர்தான். தோட்ட ஆஸ்பத்திரி உதவியாளர்களைப் பதிவு செய்யவே 1965இல் தனிச் சட்டம் வந்தது. அவருக்கு ஒவ்வொரு குடும்பமும் தெரியும். யார் குடிக்கிறார், யாருக்கு இனிப்பு நீர், யாருக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்று கேட்காமலேயே கடிதத்தில் எழுதி அனுப்பிவிடுவார். இப்போது ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பல தோட்டங்கள் துண்டாடப்பட்டுக் கைமாறின. சனங்கள் பட்டணத்து வீடமைப்புகளுக்குப் போய்விட்டார்கள். டிரஸ்ஸர் ஐயா இல்லை. தாப்பாவில் பார்த்துவிட்டுப் பெரிய ஆபரேஷன் என்றால் தெலுக் இந்தானுக்கோ ஈப்போவுக்கோ அனுப்புகிறார்கள். அங்கேயுள்ள மிஸிக்கு நம்மை முன்பின் தெரியாது. அவர் மலாய்ப் பெண்ணாக இருப்பார், கேள்வி மலாயில் வரும். நம் பாட்டி எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார். பாட்டி தலையாட்டினால் "புரிந்தது" என்று அர்த்தமில்லை என்பது நமக்குத் தெரியும், மிஸிக்குத் தெரியாது!

"பூவாசா" என்றால் என்ன?

முதல் கேள்வியே சாப்பாட்டைப் பற்றியது. "ராத்திரி பன்னிரண்டு மணியிலிருந்து பூவாசா" என்று மிஸி சொல்லிவிட்டுப் போவார். நம் வீட்டுத் தாய்மார்களுக்கு இது கொஞ்சமும் பிடிக்காத பேச்சு. "வெறும் வயித்தோட எப்படிம்மா தாங்கும்? ஒரு வாய் மைலோவாவது குடிச்சுக்க" என்று விடியற்காலையில் பிளாஸ்கைத் திறந்து ஊற்றிக் கொடுத்துவிடுவார்கள். மிஸி வந்து கேட்டால் இரண்டு பேரும் சேர்ந்து "ஒண்ணும் சாப்பிடலை" என்பார்கள். பாசத்தில் செய்கிற காரியம்தான். ஆனால் அந்த ஒரு வாய் என்ன செய்யும் தெரியுமா?

மயக்க மருந்து கொடுத்ததும் தொண்டையில் உள்ள காவல்காரன் தூங்கிவிடுகிறான். விழித்திருக்கும்போது ஒரு பருக்கை மூச்சுக்குழாய்ப் பக்கம் போனால் புரையேறி இருமித் தள்ளிவிடுகிறோமே, அந்தக் காவல் அப்போது இல்லை. வயிற்றில் இருப்பது மேலே ஏறி வந்தால் நேரே நுரையீரலுக்குள் இறங்கிவிடும். நியூயார்க்கில் மெண்டல்சன் என்ற மருத்துவர் 44,016 பிரசவங்களின் பதிவுகளைப் பார்த்து, அவற்றில் 66 பேருக்கு மயக்கத்தில் இருக்கும்போது இப்படி நேர்ந்திருப்பதை 1946இல் எழுதினார். கட்டிச் சோறு அடைத்து மூச்சு நின்றவர்களும் உண்டு. வயிற்றுப் புளிப்புத் தண்ணீர் நுரையீரலைச் சுட்டு நோயில் விழுந்தவர்களும் உண்டு. "பூவாசா" என்ற கட்டளைக்குப் பின்னால் இருப்பது இதுதான்.

இன்றைய மருத்துவ வழக்கப்படி சோறு, ரொட்டி போன்ற கட்டி ஆகாரத்துக்குக் குறைந்தது ஆறு மணி நேர இடைவெளி வேண்டும்; கொழுப்பும் எண்ணெயும் மிகுந்த சாப்பாட்டுக்கு அதற்கும் கூடுதல். பச்சைத் தண்ணீர் போன்ற தெளிந்த நீருக்கு இரண்டு மணி நேரம். நம்மவர்கள் தவறுகிற இடம் ஒன்று உண்டு. தே-ஓ வேறு, பால் கலந்த தே வேறு. பால் வயிற்றுக்குள் போனதும் திரிந்து கட்டியாகிவிடுகிறது; ஆகவே பால் தேயும் மைலோவும் ஆகாரக் கணக்கில்தான் சேரும். எப்படியிருந்தாலும் வார்டில் எந்த மணி சொல்கிறார்களோ அதுவே உங்களுக்குச் சட்டம். தெரியாமல் குடித்துவிட்டால் "மிஸி, காலையில மைலோ குடிச்சிட்டேன்" என்று சொல்லிவிடுங்கள். ஆபரேஷன் சில மணி நேரம் தள்ளிப் போகும், அல்லது நாளைக்கு மாறும். மிஸி முகத்தைச் சுளிக்கலாம். சுளித்துவிட்டுப் போகட்டும்.

இனிப்பு நீர்க்காரர்களுக்கு இது இரட்டை ஆபத்து. 2019இல் எடுத்த தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒருவருக்கு இனிப்பு நீர் இருந்தது; இந்தியர்களில் அது மூன்றில் ஒருவரை நெருங்கியது. நம் வார்டுகளில் ஆறாத கால் புண்ணுக்காக விரலையும் பாதத்தையும் எடுக்க வருகிறவர்களில் நம் முகங்களைப் பார்த்தாலே இந்தக் கணக்கு புரியும். வெறும் வயிற்றில் வழக்கமான மாத்திரையைப் போட்டுக்கொண்டாலோ ஊசியைக் குத்திக்கொண்டாலோ சர்க்கரை அடியோடு இறங்கி மயங்கிப் போவார்கள். மாத்திரையைச் சொந்தமாக நிறுத்தவும் கூடாது, சொந்தமாகப் போடவும் கூடாது. மாத்திரைப் பையையே கொண்டுபோய் மிஸியின் கையில் கொடுங்கள். கசாயம், லேகியம், சூரணம், ரத்தம் இளக என்று வாங்கிச் சாப்பிடுவது எதுவாயிருந்தாலும் அந்தப் பையிலேயே இருக்கட்டும். ரத்தத்தை இளக்குகிற மருந்து உள்ளே இருப்பது தெரியாமல் கத்தி வைத்தால், நிற்க வேண்டிய ரத்தம் நிற்காது.

சொல்லக் கூச்சப்படுகிற சங்கதி

இனி, எழுதவே கொஞ்சம் தயங்குகிற விஷயத்துக்கு வருவோம். "மினும் ஆராக்?" என்று மிஸி கேட்பார். குடிப்பீர்களா என்பது கேள்வி. பக்கத்தில் மனைவியும் மருமகனும் நிற்பார்கள். "எப்பவாச்சும் தீபாவளிக்கு" என்பார் நம் அண்ணன். அன்றாடம் சாயங்காலம் சம்சு இல்லாமல் சோறு இறங்காது என்பது லயத்துக்கே தெரியும்.

ஆபரேஷன் நன்றாகவே முடிந்திருக்கும். இரண்டாம் நாள் கை நடுங்கத் தொடங்கும். வேர்த்துக் கொட்டும். மூன்றாம் நாள் இரவு சுவரில் பூச்சி ஊர்வதாகச் சொல்வார், செத்துப்போன அப்பாவோடு பேசுவார், சிறுநீர்க் குழாயைப் பிடுங்குவார், தையல் பிரியும்படி கட்டிலை விட்டு இறங்கி ஓடுவார். வீட்டார் பேய் அடித்துவிட்டது என்று எலுமிச்சம்பழத்தோடு வந்து நிற்பார்கள். பேயுமில்லை, பிசாசுமில்லை. தினம் ஊறிய உடம்பு, கடைசியாகக் குடித்து இரண்டு மூன்று நாளானதும், இல்லாமல் தவிக்கிற தவிப்பு அது. சில சமயம் வலிப்பு வந்து உயிரையும் எடுத்துவிடும். முதல் நாளே "தினம் இவ்வளவு" என்று சொல்லியிருந்தால் அதற்கு மருந்து இருக்கிறது. மிஸி மணிக்கு மணி பார்த்து அமைதிப்படுத்தியிருப்பார். மனைவி முன்னால் சொல்ல வெட்கமாக இருந்தால், "மிஸி, தனியாப் பேசணும்" என்று சொல்லுங்கள். சுருட்டும் வெற்றிலைப் புகையிலையும்கூடச் சொல்ல வேண்டியவைதான். ஆபரேஷனுக்கு நாலு வாரம் முன்னாலேயே புகையை விட்டவர்களுக்குப் பின்விளைவுகள் குறைகின்றன என்று உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் அறிவித்தது. ஆடுகிற பல், கட்டுப்பல் எதையும் மறைக்காதீர்கள். மயக்கத்தில் அது கழன்று தொண்டைக்குள் போய்விடும்.

"மிஸி நாலு பேர்கிட்ட சொல்லிட்டா?" என்று கேட்பவர்களுக்கு நம் பேராக் மண்ணிலேயே ஒரு பதில் இருக்கிறது. ஈப்போவுக்குப் பக்கத்தில், பூசிங்கை அடுத்து, பாப்பான் என்று ஒரு பழைய ஈயச் சுரங்கச் சிற்றூர். ஜப்பான்காரன் காலத்தில் அங்கே 74ஆம் எண் கடை வீட்டில் ஒரு மருந்தகம் நடந்தது. நடத்தியவர் சிபில் கார்த்திகேசு. தாதிப் பயிற்சியும் மருத்துவச்சிப் பயிற்சியும் பெற்றவர். கணவர் டாக்டர் ஏ.சி. கார்த்திகேசு, நம் தமிழர். இருவரும் யுத்தத்துக்கு முன் ஈப்போ புரூஸ்டர் ரோட்டில் கிளினிக் வைத்திருந்தவர்கள். பாப்பானில் பகலில் ஊர் சனங்களுக்கு மருந்து கொடுப்பார் சிபில். இரவில், ஜப்பானியரை எதிர்த்துக் காட்டில் போராடியவர்கள் காயத்தோடு பின்வாசல் வழியாக வருவார்கள். குண்டு எடுப்பதும், புண் கழுவிக் கட்டுவதும், காய்ச்சல் தணியும்வரை பார்ப்பதும் அந்த வீட்டுக்குள்ளேயே ரகசியமாக நடந்தன.

1943இல் ஜப்பானிய ராணுவப் போலீஸ் அவரைப் பிடித்தது. அடித்தார்கள், நகத்தைப் பிடுங்கினார்கள், முதுகெலும்பு சேதமாகும்படி வதைத்தார்கள். சின்ன மகள் டோனை மரத்தில் கட்டித் தொங்கவிட்டுக் கீழே தீயை மூட்டினார்கள். யார் யாருக்கு மருந்து கட்டினாய் என்பதுதான் கேள்வி. அவர் சொல்லவில்லை. ஜப்பான் தோற்ற பிறகு வெளியே வந்தபோது அவரால் நடக்க முடியவில்லை. பிரிட்டனுக்கு அனுப்பிச் சிகிச்சை அளித்தார்கள். ஜார்ஜ் மெடல் என்ற வீரப் பதக்கத்தையும் வழங்கினார்கள். 1948 ஜூனில் அங்கேயே காலமானார். பின்னர் உடலை ஈப்போவுக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள். அவர் பெயரில் ஈப்போவில் ஒரு சடக்கு இருக்கிறது. அந்தப் பக்கம் போகிறவர்கள் பெயர்ப் பலகையை ஒரு தரம் நின்று பாருங்கள். நோயாளியின் பெயரைச் சொல்லாமல் முதுகெலும்பைக் கொடுத்த பெண்ணின் தொழிலில் இருப்பவரிடம், சாயங்காலச் சம்சுவைச் சொல்ல என்ன தயக்கம்?

தாலியைக் கழற்றச் சொன்னால்

ஆபரேஷனுக்கு முன் மூக்குத்தி, தோடு, மெட்டி, அரைஞாண் எல்லாவற்றையும் கழற்றச் சொல்வார்கள். மற்றதெல்லாம் கழன்றுவிடும். தாலி என்றதும் நம் பெண்கள் அழுதுவிடுகிறார்கள். வார்டில் சண்டையே நடப்பதுண்டு. மிஸி கொடுமைக்காரி அல்ல. ரத்தக் குழாயைச் சுட்டு அடைக்க மின்சாரக் கருவி ஒன்றை உபயோகிக்கிறார்கள். உடம்பில் உலோகம் இருந்தால் அந்த இடத்தில் சுட்டுப் புண்ணாகலாம் என்ற எச்சரிக்கை அவர்களுக்கு உண்டு. கழுத்தருகே குழாய் செருகும்போது சங்கிலி மாட்டிக்கொள்ளும். தொலைந்து போனால் அதுவேறு வம்பு. முதல் நாளே வீட்டில் மாமியார் கையாலேயே தங்கத்தைக் கழற்றி, மஞ்சள் கயிற்றில் மஞ்சள் துண்டு கட்டிக்கொண்டு போகிறவர்கள் இருக்கிறார்கள். நல்ல யோசனை. கயிறும் கூடாது என்றால் அதையும் மிஸியிடமே கேளுங்கள். மணிக்கட்டில் கட்டிக்கொள்ளவோ பிளாஸ்டர் போட்டு மூடவோ இடத்துக்கு ஏற்றபடி வழி சொல்வார்கள். விரல் நுனியில் மருதாணியும் நகச்சாயமும் வேண்டாம். ரத்தத்தில் காற்று எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கிற கிளிப்பை விரலில்தான் மாட்டுவார்கள். சாயம் அதன் கணக்கைக் குழப்பிவிடலாம். வீட்டிலேயே பிளேடு வைத்து முடியை மழித்துக்கொண்டு வருகிறவர்களும் உண்டு. அதுவும் கூடாது. கண்ணுக்குத் தெரியாத கீறலில் கிருமி குடியேறும். சோப்பு போட்டு நன்றாகக் குளித்தால் போதும்.

சம்மதத் தாளில் கையெழுத்தோ ரேகையோ வாங்குவார்கள். எந்த இடம், வலமா இடமா, எதை எடுக்கப் போகிறார்கள் என்பதைத் தமிழ் தெரிந்தவர் ஒருவர் எடுத்துச் சொன்ன பிறகே கட்டைவிரலை நீட்டுங்கள். கேட்பது உங்கள் உரிமை. வார்டில் தமிழ் மிஸி இல்லாவிட்டால் மகனோ மகளோ நிற்கட்டும். சின்னப் பிள்ளைகளைக் கொண்டு மொழிபெயர்க்கச் செய்யாதீர்கள்.

கதவு மூடிய பிறகு

உள்ளே என்ன நடக்கிறது என்று வெளியே பெஞ்சில் காத்திருப்பவர்களுக்குத் தெரியாது. முதலில் பெயரைக் கேட்பார்கள். வார்டில் கேட்டார்கள், வாசலில் கேட்டார்கள், உள்ளே மறுபடியும் கேட்பார்கள். "எத்தனை தடவைதான் பேர் கேப்பீங்க?" என்று நம்மவர்கள் சலித்துக்கொள்வார்கள். ஒரே வார்டில் இரண்டு முனியாண்டி படுத்திருந்தால்? ஒருவருக்கு வலது பக்கம் குடலிறக்கம், மற்றவருக்கு இடது பக்கம் என்றால்? அதற்குத்தான். உடம்பில் பேனாவால் அடையாளம் போட்டிருந்தால் குளிக்கும்போது தேய்த்து அழித்துவிடாதீர்கள்.

உலகச் சுகாதார நிறுவனம் 2008இல் ஒரு சரிபார்ப்புத் தாளை வெளியிட்டது. மயக்கம் கொடுக்குமுன் ஒரு முறை, கத்தி வைக்குமுன் ஒரு முறை, நோயாளி அறையை விட்டுப் போகுமுன் ஒரு முறை, எல்லாரும் நின்று வாய்விட்டுச் சொல்லிச் சரிபார்க்க வேண்டும். புதுடில்லி, மணிலா உட்பட எட்டு நகரங்களில் எட்டு மருத்துவமனைகளில் இதைச் செய்து பார்த்தார்கள். 2009இல் வந்த முடிவு: ஆபரேஷனுக்குப் பின் இறந்தவர்கள் 100க்கு 1.5 என்பதிலிருந்து 0.8 ஆகக் குறைந்தார்கள். பின்விளைவுகள் 100க்கு 11 என்பது 7 ஆயிற்று. புதிய மருந்து கிடையாது, புதிய மெஷின் கிடையாது. ஒரு தாள், ஒருவர் வாய்விட்டுக் கேட்பது, அவ்வளவுதான். பெரும்பாலும் கேட்கிறவர் மிஸி.

டாக்டர் பக்கத்தில் ஒரு மிஸி கருவி எடுத்துக் கொடுப்பார். இன்னொருவர் வெளிவட்டத்தில் நடமாடிக்கொண்டிருப்பார். தொடங்குமுன் பஞ்சுத் துணி இத்தனை, ஊசி இத்தனை என்று இருவரும் சேர்ந்து எண்ணுவார்கள். வயிற்றை மூடுமுன் மறுபடி எண்ணுவார்கள். கணக்கு ஒன்று குறைந்தால் டாக்டர் எவ்வளவு பெரியவரானாலும் நிற்க வேண்டியதுதான். மயங்கிக் கிடக்கிறவனால் "கை மரத்துப் போச்சு" என்று சொல்ல முடியாதல்லவா? கை மடங்காமல், முழங்கையும் குதிகாலும் அழுந்தாமல் பஞ்சணை வைப்பதும், உடம்பு சில்லிட்டுப் போகாமல் போர்த்துவதும் அவர்கள் வேலை.

அவர்கள் கையில் மாட்டியிருக்கிற உறையைப் பற்றி நாம் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வது? அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் கரோலின் ஹாம்ப்டன் என்று ஒரு மிஸி. கிருமியைக் கொல்கிற காரமான மருந்துத் தண்ணீரில் அவர் கை வெந்து வெடித்துப் போயிற்று. வேலையை விட்டுவிடுவாரோ என்று கலங்கிய சர்ஜன் ஹால்ஸ்டெட், குட்இயர் கம்பெனியிடம் சொல்லி மெல்லிய ரப்பர் உறை செய்ய வைத்தார். அது 1889-90 வாக்கில் நடந்தது. 1890இல் அந்த மிஸியையே கல்யாணமும் செய்துகொண்டார்! மிஸியின் கையைக் காக்க வந்த உறை நோயாளியையும் கிருமியிலிருந்து காக்கிறது என்பது பிறகுதான் நன்றாக விளங்கியது. அன்று நம் தோட்டங்களே பிறக்கவில்லை. கோலகங்சாரில் 1877இல் நட்ட கன்றுகள் சில மரமாகி நின்றுகொண்டிருந்தன. பின்னால் நம்மவர்கள் விடியற்காலை இருட்டில் சீவி இறக்கிய பால் எத்தனை ஆபரேஷன் அறைக்குள் போயிருக்கும் என்று கணக்கில்லை. சிலருக்கு ரப்பர் ஒத்துக்கொள்வதில்லை என்பதால் இப்போது செயற்கை உறைகளும் பெருகிவிட்டன. பலூன் ஊதினாலோ உறை மாட்டினாலோ தடிப்பு வருகிறவர்கள் அதையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

எழுந்து நட

மயக்கம் தெளிந்து வார்டுக்கு வந்ததும் மிஸி வந்து, "சாக்கிட்? பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு?" என்று கேட்பார். நம் ஆண்பிள்ளைகள் பல்லைக் கடித்துக்கொண்டு "பரவாயில்லைங்க மிஸி" என்பார்கள். வலியைத் தாங்குவதில் பெருமை வேண்டாம். வலி இருந்தால் ஆழ்ந்து மூச்சு விட மாட்டோம், இருமி எச்சிலைத் துப்ப மாட்டோம், சளி அடைத்து நிமோனியா வரும். எட்டு என்றால் எட்டு என்று சொல்லுங்கள். தலையணையை வயிற்றில் அணைத்துக்கொண்டு இருமினால் தையல் இழுக்காது. இதைக் கற்றுக்கொடுப்பதும் மிஸிதான்.

பிறகு இன்னொரு கேள்வி வரும். "சூடா கெந்துட்?" வாயு பிரிந்ததா என்று கேட்கிறார். வயது வந்த பெண்ணிடம் இப்படியா கேட்பது என்று நம் அக்காமார்கள் முக்காட்டை இழுத்துக்கொள்வார்கள். வயிற்றில் கத்தி வைத்தால் குடல் சில நாள் உறங்கும். வாயு பிரிந்தால் அது விழித்துக்கொண்டது என்று அர்த்தம். மிஸிக்கு அதைவிடச் சந்தோஷமான செய்தி கிடையாது. வெட்கப்படாமல் சொல்லிவிடுங்கள்.

மறுநாளே, சில சமயம் அன்றைக்கே, எழுந்து நடக்கச் சொல்வார்கள். இங்கேதான் வீட்டாருக்கும் மிஸிக்கும் பெரிய தகராறு. "பச்சப் புண்ணு, படுத்துக் கெடக்கட்டும்" என்பார் அம்மா. முன்பு டாக்டர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். இரண்டு வாரம், மூன்று வாரம் கட்டிலிலேயே கட்டிப்போட்டார்கள். 1940களில்தான் இந்த வழக்கம் பரவலாக மாறியது. படுத்தே கிடந்தால் கால் நரம்பில் ரத்தம் உறைந்து கட்டியாகும். அது கழன்று நெஞ்சுக்கு ஏறினால் ஆளையே சாய்த்துவிடும். மிஸி கையைப் பிடித்துக் கக்கூஸ்வரை நடத்துவது உங்களைத் துன்புறுத்த அல்ல.

பத்தியம் என்று நாம் நடத்துகிற கூத்தையும் சொல்லியாக வேண்டும். முட்டை கூடாது, பருப்பு கூடாது, மீன் தின்றால் சீழ் பிடிக்கும் என்று ரசமும் சோறும் மட்டும் கொடுத்து ஆளை வற்றவிடுகிறோம். புண் மூட வேண்டிய சதை எதிலிருந்து வரும்? முட்டையும் மீனும் பருப்பும் கோழியும்தான் அதற்குச் செங்கல். மலாய்க்காரர்கள் ஆபரேஷன் ஆனவருக்கு ஈக்கான் ஹாருவான் சூப் வைத்துக் கொடுப்பார்கள். நம் விரால் மீன்தான் அது. அதற்கு விசேஷ சக்தி உண்டா என்ற வாதம் ஒருபக்கம் இருக்கட்டும். மீன் மீன்தான், நல்ல ஆகாரம், தாராளமாகக் கொடுக்கலாம். டாக்டர் வேண்டாம் என்று சொன்னதை மட்டும் விலக்குங்கள். பார்க்க வருகிறவர்கள் திருநீற்றை நெற்றியில் பூசினால் போதும். புண் மேல் வேண்டாம். மஞ்சளும் எண்ணெயும்கூட அங்கே போகக் கூடாது.

வீட்டுக்கு வந்த பிறகு காய்ச்சல், புண் சிவந்து சுடுவது, நாற்றம், சீழ், ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, மூச்சு வாங்குவது, சிறுநீர் போகாமல் நிற்பது, இதில் எது வந்தாலும் தையல் பிரிக்கிற தேதிக்காகக் காத்திருக்கக் கூடாது. அன்றைக்கே ஓட வேண்டும்.

எப்போது வேலைக்கு?

குடலிறக்கம் தைத்தவர் நாலு முதல் ஆறு வாரம் பாரம் தூக்கக் கூடாது என்பார்கள். ஒரு செம்பனைக் குலை 20 கிலோ இருக்கும். பத்தாம் நாளே பெரட்டில் போய் நிற்கிறார் நம் அண்ணன். ஏன்? வேலைக்குப் போகாத நாளுக்குச் சம்பளம் இல்லை என்ற பயம். இந்தப் பயத்தில் பாதி, சட்டம் தெரியாததால் வருவது.

1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி ஆஸ்பத்திரியில் தங்கிச் சிகிச்சை பெறத் தேவையானவருக்கு வருஷத்தில் 60 நாள்வரை சம்பளத்தோடு விடுப்பு உண்டு. 2023 ஜனவரி முதல் நாளிலிருந்து இது சாதாரண மருத்துவ விடுப்பான 14, 18, 22 நாள் கணக்கில் சேராமல் தனியாகவே நிற்கிறது. இன்னொன்றையும் கவனியுங்கள். ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டிய அளவுக்கு நோய் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால், ஏதோ காரணத்தால் அங்கே படுக்காமல் வீட்டில் இருந்தாலும், ஆஸ்பத்திரியில் இருந்ததாகவே சட்டம் கணக்கில் கொள்ளும். ஆகவே வீட்டுக்கு அனுப்பும்போது எம்.சி. தாளில் எத்தனை நாள், என்ன எழுதியிருக்கிறது என்று மிஸியைப் படித்துச் சொல்லச் சொல்லுங்கள். நீங்கள் குலை வெட்டுகிறவர், பால் வாளி சுமக்கிறவர் என்பதை டாக்டரிடம் சொன்னீர்களா? "கெர்ஜா லாடாங்" என்று மட்டும் சொன்னால் அலுவலக வேலை என்றுகூட நினைத்துக்கொள்ளலாம். "லேசான வேலை மட்டும்" என்று எழுத வேண்டுமானால் அங்கேயே கேட்டு எழுதி வாங்குங்கள். வேலையிடத்தில் நடந்த விபத்தினால் வந்த ஆபரேஷன் என்றால் சொக்சோவுக்கும் விண்ணப்பிக்க வேண்டும், எம்.சி. நாலு நாளுக்குக் குறையக் கூடாது.

விடுப்புத் தொடங்கி 48 மணி நேரத்துக்குள் முதலாளிக்குத் தெரிவிக்க வேண்டும், அல்லது தெரிவிக்க முயன்றிருக்க வேண்டும். தவறினால் அனுமதியில்லாமல் வராதவர் என்று எழுதிவிட முடியும். மகனை விட்டு எம்.சி.யைக் கைப்பேசியில் படம் பிடித்துக் கிராணிக்கோ மண்டோருக்கோ அனுப்பச் சொல்லுங்கள்; அனுப்பிய நாளும் நேரமும் அதிலேயே பதிவாகிவிடும். "நீ கண்ட்ராக்ட் ஆளு, உனக்கு இதெல்லாம் கிடையாது" என்று கண்ட்ராக்டர் சொன்னால் அத்தோடு விட்டுவிடாதீர்கள். வேலை நேரத்தையும் வேலை முறையையும் இன்னொருவர் தீர்மானித்தால், மறுத்து நிரூபிக்கும்வரை நீங்கள் தொழிலாளிதான் என்று அதே 2023 திருத்தம் சொல்கிறது. பக்கத்து லயத்தில் இருக்கும் வங்காளதேசத் தம்பிக்கும் இந்தோனேசிய அண்ணனுக்கும் அது பொருந்தும். தாளை எடுத்துக்கொண்டு தொழிலாளர் இலாகாவுக்கோ, அங்கத்தினராயிருந்தால் தோட்டத் தொழிலாளர் சங்கத்துக்கோ போங்கள். தையல் காய்வதற்குள் அதைச் செய்யத் தேவையில்லை. மனு எழுதுவதற்கு மகளோ மருமகனோ போதும்.